கோபத்துக்குப் போட்ட மாத்திரை

முத்தையாபுரத்தில் பாண்டித்துரையின் தெருவில் யாரும் அலாரம் வைத்து எழுவதில்லை. காலை ஐந்து மணிக்கு அவர் குரல் கேட்கும், தெரு எழுந்துகொள்ளும். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் குழாயை ஏசுவார். வந்துவிட்டால், இத்தனை நேரம் எந்தச் சீமைக்குப் போயிருந்தாய் என்று தண்ணீரை ஏசுவார். துறைமுகத்துக்குப் போகிற பஸ் பிந்தினால் டிரைவருடைய ஏழு தலைமுறையையும் எழுப்பி, வரிசையாக நிறுத்தி ஏசுவார். ஏசி முடித்ததும் அவர் முகம் தெளிந்துவிடும். ஏச்சு வாங்கியவர்களுக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

அவர் மனைவி முத்துச்செல்வி நேர்மாறு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் குரல் வாசற்படியைத் தாண்டியதில்லை. எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் அதை நாக்கு நுனிவரை கொண்டுவந்து, அங்கேயே வைத்து மென்று, விழுங்கிவிடுவாள். 'வாயில்லாப் பூச்சி' என்று மாமியார் வைத்த பெயர், மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் நிலைத்துவிட்டது.

பாண்டித்துரைக்கு வேலை வின்ச் டிரைவர். நிலக்கரிக் கப்பல் வந்தால், கப்பலிலேயே நிற்கும் கிரேனின் செங்குத்தான இரும்பு ஏணியில் நாற்பத்திரண்டு படி ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொள்வார். கிராப் என்கிற ராட்சத இரும்புக் கை அங்கிருந்து அவர் சொன்னபடி கேட்கும். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, கரியை அள்ளி, மேலே வந்து, லாரியில் கொட்டும். கீழே நிற்கிற ஆட்களுடைய உயிர் அவருடைய இரண்டு கைகளுக்குள் இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அந்தப் பெருமையும் கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

மகள் சண்முகப்ரியாவுக்கு வந்த முதல் சம்பந்தம் அந்தக் கோபத்தில்தான் முறிந்தது. சித்திரை மாதம் ஆழ்வார்திருநகரியிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் கேசரியை வாயில் போட்டுக்கொண்டே, "அண்ணாச்சிக்கு ஹார்பர்ல பெர்மனன்ட்டா, கான்ட்ராக்டா?" என்று சாதாரணமாகக் கேட்டார். பாண்டித்துரையின் நெற்றிப்பொட்டில் நரம்பு எழும்பியது.

"ஏலே, பொண்ணு பாக்க வந்தியா, எனக்கு வேல போட்டுக் குடுக்க வந்தியா?"

அதற்கு மேல் அவர் சொன்னதை மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். எட்டுத் தட்டிலும் மிச்சக் கேசரியை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள். ப்ரியா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள், "அம்மா, எனக்கு இனிமே யாரையும் கூப்பிடாதிய. அப்பா இருக்கவரைக்கும் இந்த வீட்டுல பூ வைக்க யாரும் வரமாட்டாவ" என்றாள்.

அப்படிச் சொன்ன பிள்ளைக்கு இரண்டாவது சம்பந்தம் விளாத்திகுளத்திலிருந்து வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். அமைதியான குடும்பம். ஆடி கழியட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூ வைக்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அந்த ஒரு மத்தியானம் அவர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். முத்துச்செல்வி கும்பிட்ட சாமிகளிடமெல்லாம் அதை மட்டும்தான் கேட்டாள்.

ஆடி பிறந்த வாரத்தில்தான் ஈவாஞ்சலின் வந்தாள். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, மாதா மாதம் மாத்திரை கொடுக்கிற வேலை அவளுக்கு. தோளில் ஒரு பை, பைக்குள் கைப்பட்டை வைத்த சின்ன மிஷின், கையில் நோட்டு. அன்றைக்குக் கப்பல் இல்லாததால் பாண்டித்துரையும் வீட்டில் இருந்தார், மின்விசிறியை ஏசிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அஞ்சு நிமிசம் சும்மா உக்காருங்க. பெறவு பாப்போம்."

"சும்மா உக்காரவா? என்னய ஆஸ்பத்திரிக் கட்டில்ல போடவா பாக்க?"

ஐந்து நிமிஷம் எங்கே, அரை நிமிஷமும் உட்காரவில்லை. அப்படியே கையை நீட்டினார். மிஷின் முனகிக் காற்றை இறக்கியது. நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு.

"பாத்தியாளா! சிங்கம்லா!" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்தது முத்துச்செல்வி. "பேசாம இருங்க அக்கா" என்றாள் ஈவாஞ்சலின்.

"அதுல நான் பட்டம் வாங்குனவ."

மிஷின் காட்டிய எண்ணை ஈவாஞ்சலின் இரண்டு தடவை பார்த்தாள். கைப்பட்டையைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி கட்டினாள். அடுத்த கையிலும் கட்டினாள். நூற்று எழுபத்தெட்டு, நூற்று நான்கு.

முத்துச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏளா, ஆள மாத்திப் பாத்துட்டு மிஷின். கத்துதது அவிய. பிரஷர் எனக்கா?"

"கத்துறவியளுக்குத்தான் வரும்னு யாரு சொன்னா? கோவப்படும்போது கொஞ்சம் ஏறும். கோவம் போனா எறங்கிரும். அண்ணாச்சி ஏசி முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாவ. நீங்க இங்கன உக்காந்து அதையே நெனச்சிட்டிருக்கிய." ஈவாஞ்சலின் நோட்டில் எழுதிக்கொண்டே பேசினாள். "அது ஆளுக்கு ஆளு வேற அக்கா. எல்லா வீட்டுக்கும் ஒரே வல்லநாட்டு ஆத்துத் தண்ணிதான் வருது. ஒரு வீட்டுக் குழாய்ல சீறுது, ஒரு வீட்டுல சொட்டுது. குழாய் உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு வெளியில நின்னா தெரியுமா? ரத்தக் குழாய் வெறச்சுப் போகும். கிட்னி உப்பக் கழிக்காது. ஒரே கருவாட்டுக் குழம்பு ரெண்டு பேரு திங்காவ; ஒருத்தருக்கு ஒண்ணும் செய்யாது, ஒருத்தருக்கு ஏத்தி விட்டுரும். தாய் தகப்பன்கிட்ட இருந்தும் வரும். ஒங்க அம்மாவுக்கு இருந்துச்சா?"

"எங்கம்மா உப்பளத்துல வரப்பு மேல நடந்து வரும்போது விழுந்தா. ஒரு பக்கம் இழுத்துட்டு. உச்சி வெயில்ல முனி அடிச்சிட்டுன்னாவ."

ஈவாஞ்சலின் பேனாவை நிறுத்தினாள். "எத்தன வயசு?"

"நாப்பத்தெட்டு."

"ஒங்களுக்கு?"

"இந்தத் தையோட நாப்பத்தேழு முடிஞ்சுது."

ஈவாஞ்சலின் இரண்டு வயதையும் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள். மறுநாள் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மாவும் பார்த்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரண்டு வகை மாத்திரை எழுதினார். "ஒரு நாளும் விடக்கூடாது" என்றார். முத்துச்செல்வி தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டாத விஷயம் உலகத்தில் எது?

ஆனால் வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டைகளை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தபோது அவள் மனசு வேறு கணக்குப் போட்டது. மிஷின் என்ன, மனுஷன் செய்ததுதானே. நெற்றியில் நரம்பு புடைப்பது யாருக்கு? கண் சிவப்பது யாருக்கு? கோபம் வந்தால் அழுத்தம் ஏறும் என்று அந்தப் பிள்ளையே சொன்னாள். அப்படியென்றால் அழுத்தத்தை இறக்கினால் கோபம் இறங்கத்தானே வேண்டும்? சாமி தன் வீட்டுக்கு அனுப்பிய மருந்து, பெயர் மட்டும் மாறி வந்திருக்கிறது.

அது அவளுக்குப் புதுப் பழக்கமும் இல்லை. அந்த வீட்டில் எது வந்தாலும் முதல் பங்கு அவருக்கு. மீனில் நடுத்துண்டு, பழத்தில் கனிந்தது, கருப்பட்டிக் காப்பியில் முதல் டம்ளர். அந்த டம்ளரில் சுடலைமாடன் கோயில் திருநீற்றை ஒரு சிட்டிகை அவள் பல வருஷமாக அவருக்குத் தெரியாமல் போட்டு வந்தாள். கோபம் தணிய அவளுடைய அம்மா சொல்லிக்கொடுத்தது. திருநீறு போன வழியிலேயே, காலைக் காப்பியில் ஒன்றும் ராத்திரிக் காப்பியில் ஒன்றுமாக, மாத்திரையும் போனது. கரண்டியின் அடியால் நசுக்கினால் மாவாகிவிடும். கருப்பட்டியின் காட்டத்தில் எந்தக் கசப்பும் தெரியாது.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒருநாள் சோறு குழைந்துவிட்டது. முத்துச்செல்வி தட்டை வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். பாண்டித்துரை சோற்றைப் பிசைந்தார், பார்த்தார், சாப்பிட்டார்.

"என்னம்மா அப்பாவுக்கு?" என்று ப்ரியா அடுக்களையில் கிசுகிசுத்தாள். "ஏசவே இல்ல?"

"கண்ணு வைக்காத. போ."

வீடு அமைதியானது. அப்படி ஓர் அமைதியை முத்துச்செல்வி அந்த வீட்டில் அனுபவித்ததே இல்லை. தெருவில் ஐந்து மணிக்கு யாரும் எழவில்லை; இரண்டு வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனைத் தவறவிட்டன. பாண்டித்துரை கட்டிலிலிருந்து எழுந்திருக்குமுன் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கொல்லைக்குப் போகும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். மனுஷன் நிதானத்துக்கு வந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

ஒருநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, ஏணில படி கூடிட்டுன்னு நெனக்கேன்."

"என்னது?"

"நாப்பத்திரெண்டு படி. கண்ண மூடிட்டு ஏறுவேன்லா? இப்ப எண்ணுதேன், எண்ணுதேன், முடியவே மாட்டேங்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் முகத்துக்குப் பொருந்தவில்லை.

"ஆடிக் காத்து. அதான் மூச்சு வாங்குது" என்றாள் முத்துச்செல்வி.

அவளுக்கும் உடம்பு சரியில்லைதான். விடியும்போது பிடரியில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி கனக்கும். காதுக்குள் துறைமுகச் சங்கு ஊதுகிற மாதிரி ஓர் இரைச்சல், அடங்குவதே இல்லை. ஒருநாள் முகம் கழுவும்போது மூக்கிலிருந்து ரத்தம் வந்து தண்ணீரோடு ஓடியது. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தாள். நான் யாரை ஏசினேன், எனக்கு எதற்குப் பிரஷர் வரப்போகிறது?

ஆடிக் கடைசியில் வில்பிரட் வீட்டுக்கு வந்தான். மணப்பாட்டுக்காரன். கப்பலின் மேல்தட்டில் ஹேட்ச் என்கிற பெரிய திறப்பின் ஓரத்தில் நின்று, மேலே இருக்கிற பாண்டித்துரைக்குக் கையால் சைகை காட்டுகிற சிக்னல்மேன். அவர் குளிக்கப் போயிருந்தார். வில்பிரட் குரலைத் தாழ்த்தினான்.

"மைனி, அண்ணாச்சி என்ன சாமியாராயிட்டாவளா?"

"ஏன்? ஏசாம இருந்தா ஒனக்குப் பொறுக்கலையா?"

"பொறுக்கத்தான் இல்ல." அவன் சிரிக்கவில்லை. "முன்னெல்லாம் கிராப் லேசா ஆடுனா மேலருந்து ஒரு ஏச்சு வரும் பாருங்க, கப்பலே குலுங்கும். கீழ கரிக்குள்ள நிக்கவனுக்கு அந்தச் சத்தந்தான் தைரியம். மேல மனுசன் முழிச்சிருக்காவன்னு அர்த்தம். இப்ப சத்தமே இல்ல. முந்தாநாளு கிராப் ஆளுவ தலைக்கு மேல வந்து அப்படியே நின்னுட்டு. நான் கையக் காட்டுதேன், காட்டுதேன், பதிலே இல்ல. பெறவு மெதுவா நகந்துச்சு. கேட்டா, கண்ணு மங்கிச்சுலே, ஒண்ணுமில்லங்காவ."

முத்துச்செல்வி வாயைத் திறந்தாள். நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. பூ வைக்க ஐந்து நாள்தான் இருந்தது. "ராத்திரி தூக்கம் கொறைவு" என்றாள். வந்ததை விழுங்கிவிட்டாள்.

அந்த ஐந்து நாளும் அவள் காலை மாத்திரையோடு ராத்திரி மாத்திரையையும் சேர்த்து, காலைக் காப்பிக்கே நசுக்கினாள்.

ஈவாஞ்சலின் மாதக் கடைசியில் வர வேண்டியவள். மாதா கோயில் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள், பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தள்ளிக்கொண்டே போய், ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலை ஒன்பது மணிக்குத்தான் வந்தாள். வாசலில் மாக்கோலம். உள்ளே ப்ரியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். பாண்டித்துரை லீவு சொல்லியிருந்தார். ஆனால் அடுத்த டிரைவர் வரவில்லை என்று விடியற்காலையில் போன் வந்து, "ஒரு மணிக்கு வந்துருவேன், அவிய மூணு மணிக்குத்தான வாராவ" என்று கிளம்பிப் போய்விட்டார். வேலைக் களைப்போடு வந்தால் எரிந்து விழுவாரே என்ற பயத்தில், அன்றைய டம்ளரில் முத்துச்செல்வி இரண்டுக்குப் பதில் மூன்றைப் போட்டிருந்தாள். அந்த மூன்றாவதோடு அட்டைகளும் காலியாகிவிட்டன.

"அக்கா, விசேசமா? ரெண்டே நிமிசம்" என்று ஈவாஞ்சலின் கைப்பட்டையைக் கட்டினாள்.

இருநூற்று ஆறு, நூற்றுப் பதினெட்டு.

அவள் மிஷினைத் தட்டிப் பார்த்தாள். தன் கையில் கட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சரியாகவே காட்டியது. "அக்கா, மாத்திரை போடுதியளா?"

"போடாம? அட்டையப் பாரு."

எல்லாக் குழியும் வெறுமையாக இருந்தது. ஈவாஞ்சலின் அட்டையையும் முத்துச்செல்வியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத்தனையும் போட்டு இவ்வளவு நிக்கிதுன்னா இப்பமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பமேன்னா இப்பமே."

"ஏளா, ஒண்ணு கேக்கணும்." முத்துச்செல்வி வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பிரஷர் இல்லாத ஆளு இதத் தெரியாம முழுங்கிட்டா ஒண்ணும் செய்யாதுலா?"

"செய்யாம என்ன? சரியா இருக்கவனுக்கு இன்னும் எறக்கி விட்டுரும். நாடித்துடிப்பு மந்தமாயிரும். உக்காந்திருக்கும்போது தெரியாது. எந்திரிச்சா கண்ணு இருட்டிட்டு வரும். தரையில விழுந்தா மண்டை ஒடையும், அதோட போகும். மாடிப்படியில நின்னான்னா..." அவள் நிறுத்தினாள். "யாரு முழுங்குனா?"

முத்துச்செல்வி காலி அட்டையை மடக்கினாள்.

"அக்கா. யாரு முழுங்குனா?"

"அவிய ஏசாம இருக்கட்டும்னுதான்..."

"எம்மா மாதாவே! அண்ணாச்சி எங்க?"

"கிரேன்ல."

முத்துச்செல்வி போனைத் தேடி எடுத்தாள். கூண்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவருடைய போன் கீழே சாமான் பெட்டிக்குள் கிடக்கும். வில்பிரட்டின் எண்ணைப் போட்டாள். பின்னால் கிராப் இரைகிற சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் வந்தது.

"சொல்லுங்க மைனி, மாப்பிள்ள வீடு அதுக்குள்ள வந்துட்டாவளா?"

"ஏ வில்பிரட், அவியள எறங்கி வரச் சொல்லு."

"டீக்கு எறங்க இன்னும் ரெண்டு லாரிதான். அத முடிச்சிட்டு வந்துருவாவ."

"இப்ப எறங்கச் சொல்லு."

"சொன்னா என்னயத் தூக்கிக் கடல்ல போட்டுருவாவ. என்ன விசயம்?"

உண்மையைச் சொன்னால் அந்தக் கப்பல் முழுக்கத் தெரியும். துறைமுகம் முழுக்கத் தெரியும். சாயங்காலத்துக்குள் விளாத்திகுளத்துக்கும் தெரியும். பெண்ணின் தாய் புருஷனுக்கு மருந்து வைத்தவள். இவ்வளவும் ஒரு மூச்சு விடுவதற்குள் அவள் மனசில் ஓடிப் போயிற்று. பிறகு இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் வாசற்படியைத் தாண்டியது.

"அவியளுக்கு நான் மாத்திரை குடுத்துட்டேன்லே! பிரஷர் மாத்திரை! மயங்கி விழுந்துருவாவ, எறக்குலே!"

அந்தப் பக்கம் வில்பிரட், கூட வேலை பார்க்கிற ஒருவனைக் கத்திக் கூப்பிட்டான். "ஏலே ஹென்றி! கிராப்பத் தரையில வைக்கச் சொல்லு! அண்ணாச்சி! எறங்குங்க! எறங்குங்க!"

ஈவாஞ்சலின் போனைப் பிடுங்கினாள். "எறங்கச் சொல்லாதிய! கேக்கா? எந்திரிச்சாத்தான் ஆபத்து! அங்கனயே உக்காந்திருக்கட்டும், ஆளு மேல ஏறி..."

வில்பிரட் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டிருந்தான். துணி உரசுகிற சத்தம். காற்று. தூரத்தில் இரும்பில் பூட்ஸ் படுகிற சத்தம், ஒன்று, இன்னொன்று, நடுவில் நீண்ட இடைவெளி. பல பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். லைன் அறுந்துபோயிற்று.

முத்துச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதித் தலை பின்னிய ப்ரியா அடுக்களை வாசலில் வந்து நின்று, "என்னம்மா? என்ன மாத்திரை?" என்று கேட்டாள்.

இருபது நிமிஷம் கழித்து வில்பிரட் தானாகக் கூப்பிட்டான். அவனுக்கு மூச்சு வாங்கியது. பாதி ஏணியில் அண்ணாச்சி நின்றுவிட்டார். கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டார். கால் இரண்டு தடவை நழுவியது. ஹென்றி கீழிருந்து ஏறி, தன் பெல்ட்டை அவர் இடுப்போடு சேர்த்துக் கொக்கி போட்டு, ஒவ்வொரு படியாக அவர் காலைத் தூக்கி வைத்து இறக்கினான். "உசுரோட இருக்காவ மைனி. வெளிறிப்போயி, வேர்த்துப்போயி இருக்காவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்."

முத்துச்செல்வி தரையில் உட்கார்ந்தாள். ஈவாஞ்சலின் அவள் தோளைப் பிடித்தாள். "அவிய தப்பிச்சாச்சு. இப்ப நீங்க எந்திரிங்க. தெரு முனையில ஆட்டோ நிக்கி. இரநூத்தி ஆறு அக்கா."

"அவியளக் கண்ணால பாத்துட்டு வாரேன்."

"அங்கன வந்து பாக்கலாம்."

"மூணு மணிக்கு அவிய வாராவ ஈவாஞ்சலின். பிள்ளைக்குப் பூ வைக்கட்டும். பெறவு நீ எங்க கூப்பிட்டாலும் வாரேன்."

ஈவாஞ்சலின் கெஞ்சினாள், ஏசினாள், ப்ரியாவை விட்டும் சொல்லச் சொன்னாள். முத்துச்செல்வி தலையை ஆட்டிக்கொண்டே தேங்காய் உடைக்கப் போய்விட்டாள். ஈவாஞ்சலின் பையிலிருந்து எடுத்த புது அட்டையில் ஒரு மாத்திரையை மட்டும் அவள் கண் முன்னாலேயே விழுங்கிக் காட்டினாள். டாக்டரம்மாவைக் கையோடு கூட்டிவருகிறேன் என்று சொல்லி ஈவாஞ்சலின் ஓடினாள்.

டாக்டரம்மா முகாமுக்குப் போய்விட்டதாகப் போன் பண்ணிய ஈவாஞ்சலின் இன்னும் திரும்பவில்லை; ஒன்றரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னதை மீறி, என் பிள்ளைக்கு இன்றைக்குப் பூ வைக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் பாண்டித்துரை. வில்பிரட் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தான். புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. விளாத்திகுளத்துக்காரர்கள் குளத்தூரைத் தாண்டிவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது.

முத்துச்செல்வி அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஏட்டி" என்றார். முதலில் சத்தம் எழும்பவில்லை. "இருபத்திரெண்டு வருசம் ஏறுன ஏணி. இன்னிக்கு அதக் கட்டிப் பிடிச்சிட்டு அழுதேன். பத்துப் பேரு பாத்தானுவ." மூச்சு வாங்கியது. குரல் ஏறியது. "ஒங் கையால குடுக்கதுன்னுதான கண்ண மூடிட்டுக் குடிச்சேன்? கிராப்புக்குக் கீழ எத்தன பேரு நின்னான் தெரியுமா? எவன் தலையிலயாவது போட்டிருந்தா? ஏன்ட்டி செஞ்ச? வாயத் தொறந்து சொல்லு!"

அவளிடம் பதில் இருந்தது. அன்றைக்கு அவள் அதை விழுங்க நினைக்கவே இல்லை. நீங்க ஏசும்போது எனக்கு ஈரக்குலை நடுங்கும். பிள்ளை மூன்று நாள் பேசாமல் கிடந்தாள். எனக்குக் கிடைத்ததையெல்லாம் முதலில் உங்களுக்குத்தானே கொடுத்தேன். எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. அங்கிருந்து ஓர் எழுத்தும் நகரவில்லை. நாக்கு யாருடையதோ போல வாய்க்குள் கிடந்தது. வலது கையை நிலையிலிருந்து எடுக்க நினைத்தாள். கை அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

"பாத்தியாலே வில்பிரட்? இப்பவும் பேசுதாளா பாரு! இதாம்ல இவ! கல்லு முழுங்குன மாதிரி நிப்பா! நான் செத்திருந்தாலும் இப்படித்தான் நின்னிருப்பா!"

அவர் குரல் தெருவின் கடைசிவரை போயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ, "பழைய ஆளு வந்துட்டாருப்பா" என்று சிரிப்பது கேட்டது.

பட்டுச்சேலையின் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி அறையிலிருந்து வெளியே வந்த ப்ரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கடைவாயிலிருந்து எச்சில் வழிந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

"அப்பா ஏசாதிய! அம்மாவப் பாருங்க! அம்மா வாயப் பாருங்க!"

பாண்டித்துரை துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் மடங்கி மறுபடி நாற்காலியில் விழுந்தார். ஐந்தடி தூரத்தில் சேலை சுவரில் உரசிக்கொண்டே சரிகிற சத்தம் கேட்டது. வெண்கலச் சட்டி ஒன்று உருண்டது. ப்ரியா வீறிட்டாள். அவர் இரண்டு கையையும் இருட்டுக்குள் நீட்டித் துழாவினார்.

"ஏலே, பிடிச்சியாலே? வில்பிரட்! பிடிச்சியா? யாராவது சொல்லுங்கலே, பிடிச்சாச்சா?"

அவருக்குக் கேட்டது, தெருவில் ஆட்டோவைக் கத்திக் கூப்பிடுகிற வில்பிரட்டின் குரல் மட்டும்தான்.